இடைவேளையின் பதினைந்து நிமிடம்

அந்த யூலை மாதத்தில், கனடாவின் கியூபெக்கில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் அண்ணை தொலைபேசி எடுத்தபோது நான் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, போன வருசம் உதைபந்தாட்ட இறுதியாட்டத்திலை இடைவேளைக்குச் சனம் முழுக்கக் கொத்துரொட்டிக்குப் போட்டுது. திரும்பி வரேக்க ஒரு கோல் விழுந்து முடிஞ்சுது. அடிச்ச பெடியன் இண்டைக்கும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. இந்த முறை சனத்தை இருத்தி வைக்க ஒரு நிகழ்ச்சி வேணும். நீங்கள் படிச்சனீங்கள். தமிழ் வகுப்புப் பிள்ளையளை வைச்சு ஏதும் செய்து தாங்கோ."

ஓம் என்றேன். யாராவது என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தால் ஓம் என்ற சொல் எனக்கு முன்னே போய்விடும். யோசனை பின்னால்தான் வரும். அன்றைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. செயலாளர் அண்ணை பேசி முடிப்பதற்குள்ளேயே, அந்தப் பிள்ளைகளின் நடுவில் என் மகளை நிறுத்திப் பார்த்துவிட்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆறு வயது ஆக இரண்டு மாதம் இருந்த மகளின் மத்ர்னெல், அதாவது பாலர் வகுப்பு, ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். பிள்ளை வகுப்பில் பேசுவதில்லை என்றார். பிரெஞ்சு விளங்குகிறது, சொன்னதைச் செய்கிறாள், ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. ஆனால் விளையாட்டு நேரத்தில், எல்லோரும் ஓடித்திரியும்போது, இவள் தன் மேலங்கி கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறாள். பாடசாலைக்குக் கிழமைக்கு ஒருநாள் வரும் சிறுவர் உளவியல் நிபுணர் ஒருவர் பார்த்தால் நல்லது, பெற்றோரின் சம்மதம் வேண்டும், விடுமுறை முழுக்க யோசித்துப் புது வகுப்புத் தொடங்கும்போது சொல்லுங்கள் என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் கணவர் சொன்னார்: "எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லை. நானும் சின்னனிலை இப்படித்தான். நீர் மண்டையைப் போட்டு உடையாதையும்."

நான் உடைத்துக்கொண்டேதான் இருந்தேன். வீட்டில் தமிழ் மட்டும் பேசியது பிழையா? கார்டெறி என்ற பகல் காப்பகத்துக்கு அனுப்பாமல் என்னோடு வைத்திருந்தது பிழையா? நிபுணர் ஒரு சொல்லை எழுதிவிட்டால் அது அவளோடு பன்னிரண்டு வருடம் கோப்பில் போகுமா? அனுப்பாமல் விட்டு, பின்னால் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆயிரம் பேர் பார்க்கும் இறுதியாட்டத்தில் அவள் மற்றப் பிள்ளைகளோடு நின்று ஒரு நிகழ்ச்சியைச் செய்து முடித்தால், சம்மதம் தேவையில்லை என்று தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். வில்லரே என்ற பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் நூலகம். மகள் சிறுவர் பகுதியில் சொன்ன இடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். நான் கணினிக்கு முன்னால் இருந்து, உலகத்தில் மற்றவர்கள் இடைவேளையில் என்ன செய்தார்கள் என்று தேடினேன். தேடத் தேட வந்தது அமெரிக்கர்களின் இறுதியாட்டம்தான். பெயர் உதைபந்தாட்டம் என்றாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. இடைவேளையைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், ஆட்டம் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிய புத்தக மட்டைபோல இருக்கிறது.

முதல் வருடங்களில் பல்கலைக்கழகங்களின் பாண்ட் வாத்தியக் குழுக்கள்தான். நூற்றுக்கணக்கான மாணவர்கள் வாசித்தபடியே நடந்து, புல்தரையில் எழுத்தாகவும் படமாகவும் நிற்பார்கள். ஒருமுறை புறாக்களைப் பறக்கவிட்டார்கள். முதுகில் இயந்திரம் கட்டிய மனிதர்கள்கூடப் பறந்திருக்கிறார்கள். பிறகு ஒரே மாதிரி உடுத்துச் சிரித்துப் பாடும் இளைஞர் கூட்டங்கள் வந்தன. அதுவும் சலித்தது. ஒரு வருடம் அதே நேரத்தில் வேறொரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி போட, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெருந்தொகையானோர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அடுத்த வருடமே பெரிய பாடகர் ஒருவரைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முந்தியதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டியிருந்தது. மேடையைத் துண்டு துண்டாகச் செய்து, தொண்டர்கள் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, சில நிமிடங்களில் பூட்டிவிடுவார்களாம். பாட்டு முடிந்ததும் அதே வேகத்தில் கழற்றிக்கொண்டு போவார்களாம், புல்லில் ஒரு தடமும் இல்லாமல்.

கனடாவின் இறுதியாட்டமோ நவம்பர் குளிரில் வரும். அதில் பாடுகிறவர்களுக்கு வாயிலிருந்து புகை போவதைக் கணவரோடு தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். எதற்கு என்று தெரியாது. எழுதும்போது ஒன்று தோன்றியது. விளையாடுகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்காக விட்ட நேரம் அது. அந்த நேரத்தில் மைதானத்தில் ஒன்றுமே நடக்காமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன? ஆனால் வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவராலும் முடியவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, பாண்ட் குழு எழுத்தாக நிற்கும் படத்தைப் பார்த்தேன். எங்களுடைய பிள்ளைகள் 'அ' என்ற எழுத்தாக நிற்கவேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன்.

இருபத்தாறு பிள்ளைகள். தலைக்கு மேலே பிடிக்க ஆளுக்கொரு மஞ்சள் பிறிஸ்டல் காகித மட்டை. தமிழ் வகுப்பு நடக்கும் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஐந்து சனிக்கிழமை பழகினோம். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. நான் மேடையில் ஏறி, அதிலும் ஒரு கதிரை வைத்து ஏறி நின்று பார்ப்பேன். சுழி வளைந்து, கோடு இறங்கி, அச்சொட்டாக 'அ' தெரியும். கீழே இறங்கும் கோட்டின் கடைசிப் புள்ளி மகளுக்கு.

"நான் சிவப்புக் கொடியை இறக்கும் வரைக்கும் ஒருத்தரும் அசையக்கூடாது. அசைஞ்சால் எழுத்து உடைஞ்சிடும். விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர்" என்று எல்லோரும் கத்தினார்கள். மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இறுதியாட்டம் ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, சென்ட் லோரன்ட்டில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு பூங்காவில். கயிறு கட்டி, கயிற்றைச் சுற்றி மடக்குக் கதிரைகளில் சனம். ஒரு பக்கம் விருந்தினர் பந்தல், அதற்குப் பக்கத்தில் என் கணவரின் பொறுப்பில் ஒலிபெருக்கி. முதற்பாதியில் கோல் விழவில்லை. நடுவர் விசில் ஊத, பிள்ளைகள் வரிசையாக ஓடிப்போய், முதல்நாள் நான் சுண்ணாம்பால் போட்ட புள்ளிகளில் நின்றார்கள். மட்டைகள் உயர்ந்தன. ஒருவரும் புள்ளி மாறவில்லை. மகளும் போய் நின்றாள். நான் கொடியை உயர்த்திப் பிடித்தேன்.

சனம் கைதட்டவில்லை.

"என்னவாம், பிள்ளையள் பஸ்ஸுக்கு நிக்கினமோ?" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

"மழை வரப்போகுது போலை. மட்டையைப் பிடிச்சிருக்கினம்."

"பகிடியை விடுங்கோடா. பேந்து ஆடுவினம், பொறுங்கோ."

நான் பெருவிரலில் எம்பிப் பார்த்தேன். ஒரு கூட்டம் பிள்ளைகள் கண்டபடி நிற்பது மட்டும்தான் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாண்ட் குழுக்கள் எழுத்தாக நின்றது மலைபோல் உயர்ந்த இருக்கைகளில் இருந்தவர்களுக்காக. எங்கள் பூங்காவில் எல்லோரும் பிள்ளைகளின் மட்டத்தில் இருந்தோம். ஐந்து கிழமையாக அந்த எழுத்தைப் பார்த்த ஒரே ஆள், மேடையில் கதிரை போட்டு ஏறி நின்ற நான்தான்.

ஒலிவாங்கியில் ஏதாவது சொல்லிக் காப்பாற்றலாம் என்று பந்தல் பக்கம் திரும்பினேன். செயலாளர் அண்ணை அதற்குள் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

"எங்கள் செல்வங்கள் இப்படி அழகாக அணிவகுத்து நிற்கும் இவ்வேளையில், எமது பிரதம விருந்தினரைக் கௌரவிக்க விரும்புகின்றோம்."

பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். சங்கத் தலைவர் படத்தில் விழவில்லை என்று பொன்னாடையைக் கழற்றி மறுபடியும் போர்த்தினார்கள். பிறகு விருந்தினர் பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடம் என்று சொல்லித் தொடங்கிய பேச்சு. எங்களுடைய கூட்டங்களில் இரண்டு நிமிடம் என்பதன் நீளம் எனக்குத் தெரியாததல்ல. நிகழ்ச்சி நிரலை எழுதியவள் நான். அதற்கு இடம் விடாமல் எழுதியிருந்தேன், அமெரிக்கர்கள் விடவில்லை என்பதால்.

கொடி என் கையில்தான் இருந்தது. இறக்கியிருந்தால் பிள்ளைகள் ஓடிவந்திருப்பார்கள். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிடுவது மரியாதையா? பேச்சு முடியட்டும் என்று நின்றேன். வெயில் உச்சியில் அடித்தது. முதலில் ஒரு பையன் மட்டையை இறக்கி முதுகு சொறிந்தான். இரண்டு பெண்பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தாயைப் பார்த்து "அம்மா, ஜூஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடிவர, சனம் சிரித்தது. பிறகு இரண்டு பேர், ஐந்து பேர். சுழி போனது. வளைவு போனது. நான் கொடியைப் பிடித்தபடியே நின்றேன்.

நடுவர் கியூபெக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பதினைந்து நிமிடம் முடிந்ததும் விசில் ஊதினார். விருந்தினர் வசனத்தின் நடுவில் நின்றார். ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடினார்கள். மைதானத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மஞ்சள் மட்டை.

மட்டையைத் தலைக்கு மேலே பிடித்தபடி மகள் தன் புள்ளியில் நின்றாள். மட்டை சரிவதும் நிமிர்வதும் கயிற்றடியிலிருந்தே தெரிந்தது. நடுவர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் அவரைப் பார்க்கவுமில்லை. ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றிப் போனான். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினேன்.

"வா அம்மா, முடிஞ்சுது."

"நீங்கள் கொடியை இறக்கேல்லை."

"மற்றப் பிள்ளையள் எல்லாரும் போட்டினமே. நீயும் வந்திருக்கலாம்தானே?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். போகலாம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. மட்டையைப் பிடித்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சனம் எழும்பிக் கைதட்டியது. என் நிகழ்ச்சிக்கு விழுந்த ஒரே கைதட்டு அதுதான். செயலாளர் அண்ணை ஒலிவாங்கியிலேயே சொன்னார்: "பாருங்கோ, இதுதான் வளர்ப்பு! தாயைப் பாராட்ட வேணும்." என் முகம் மலர்ந்தது என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். பத்து எட்டு நடக்கும் வரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அவளுடைய கை என் கழுத்தில் இன்னும் நடுங்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன்.

காரில் கணவர் குதூகலமாக இருந்தார். "இனி அந்த ரீச்சர் என்ன சொல்லுவா? அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நிண்டவள்."

"ரீச்சர் சொன்னதும் இதைத்தானே."

"எதை?"

"சொன்னதைச் செய்யிறாள், மற்ற நேரம் நிண்ட இடத்திலையே நிக்கிறாள் எண்டு."

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். வெளிச்சம் பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கும் வரைக்கும் அவர் காரை எடுக்கவில்லை. கடைசியில், "அப்ப போய்ச் சொல்லும். நானும் வாறன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை இருவருமாகப் போய்ச் சம்மதம் சொன்னோம். நிபுணர் இளம் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். நான்கு தடவை மகளோடு இருந்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ஒரு கோப்பும், பயந்ததுபோல் பெரிய சொல் ஒன்றும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் என்னிடம் கேட்டது ஒரு கேள்வி: வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லாத நேரத்தில் இவள் என்ன செய்வாள்?

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நேரம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. எழும்பினால் பல் துலக்கு, துலக்கினால் பால் குடி, குடித்தால் கொப்பியை எடு. பிள்ளை ஒன்றுமில்லாமல் இருந்தால் நான் ஏதோ கடமையில் தவறியதுபோல எனக்குப் பதற்றம் வந்துவிடும். தெரியாது என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன், பிரெஞ்சில் மறந்துபோனது.

இன்னும் சில மாதம் அவளைப் பார்க்கவேண்டும், அதற்குள் தீர்ப்பு ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம், எதுவும் சொல்லாமல், எதுவும் கையில் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

முதற் சனிக்கிழமை அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே புத்தகம் வைத்திருந்தேன், ஒரு வரியும் படிக்கவில்லை. இருபது நிமிடம் போனது.

"அம்மா, நான் என்ன செய்ய?"

வாயில் ஏழெட்டுப் பதில் வந்தது. கீறு, உடுப்பை மடி, புத்தகத்தை எடு. "தெரியேல்லையே" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அழுகிறாளா? வாசற்படிக்குப் போய்விட்டாளா? கைப்பிடியில் கை வைத்தேன், எடுத்தேன். பிறகு குசினிப் பக்கம் கதிரை ஒன்று இழுபடும் சத்தம். அலுமாரி திறந்தது. பருப்பு டப்பா என்று நினைக்கிறேன், விழுந்து சிதறுவது மழைபோலக் கேட்டது.

அவள் சிரித்தாள்.

இன்னொரு டப்பாவின் மூடி திறபட்டது. நான் எழும்பவில்லை.