காருக்குள் சும்மா இருப்பவள்

கரோலினுக்கு ஐம்பத்தாறு வயது. அந்த ஐம்பத்தாறு வயதுக்குள் அவள் சும்மா இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பகல் தேறாது. ஆனாலும் குடும்பத்தில் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்தாக இருந்தார்கள். ஸ்ரௌவ்வில்லிலிருந்து மோர்னிங்சைட்டுக்கு வேலைக்குப் போகும் நாற்பத்தைந்து நிமிடமும் கரோலின் காருக்குள் சும்மாதான் இருக்கிறாள். முன்னால் பனி உருக உப்புத் தூவும் லொறி ஊர்ந்து போகும், பக்கத்தில் ஒருவன் சிக்னல் போடாமல் குறுக்கே வெட்டுவான். அதெல்லாம் அவர்கள் கணக்கில் சும்மா.

தொண்ணூற்று மூன்றில் இந்த நாட்டுக்கு வந்தவள். முதலில் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலை, பிறகு ஒரு பாடசாலைச் சமையலறை. நாற்பத்திரண்டு வயதில், தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனாள். மகன் மரியோ ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனான். சமையலறை பெரிது, உண்மைதான். ஆனால் பால் முடிந்தாலும் கார் எடுக்கவேண்டிய ஊர் அது.

வேலையிடத்தில் பன்னிரண்டு முதியவர்களின் கதை கேட்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் கணவன் பஸ்ரியனின் முதுகுவலிக் கதை. இவற்றுக்கெல்லாம் முன்னால், காலை ஆறு இருபதுக்கு, கார் மார்க்கம் ரோட்டில் ஏறியதும் அக்கா வேரோனிக்காவின் போன் கோல் வந்துவிடும்.

வேரோனிக்கா மில்லிக்கனில் இருக்கிறாள். கரோலினை விட ஆறு வயது மூத்தவள். நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவர் செல்வரட்ணம் ஒருநாள் காலை வேலைக்கென்று புறப்பட்டார். போகும் வழியிலேயே மாரடைப்பு. செய்தி வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் வேரோனிக்கா அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியை அடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதமே இந்த ஆறு இருபது கோல் தொடங்கிவிட்டது.

கதைப்பது என்னவோ பீற்றூட் விலை, பக்கத்து வீட்டுக்காரனின் வேலி, மகன் றொய்சன் சாப்பிடாமல் ஓடியது. மூன்று வசனத்துக்கு ஒரு தரம் "கேக்குதே?" என்பாள். கரோலின் "ஓம்" என்பாள். நான்கு வருடமாக அவள் சொன்ன ஓம்களை எண்ணி வைத்திருந்தால் ஒரு செபமாலைச் சங்கத்துக்கே போதும்.

இந்த நிலையில்தான் பொட்காஸ்ட் வந்து சேர்ந்தது. தமிழ் வானொலியில் பாட்டை விட வீடு விற்கும் விளம்பரம் கூட என்று கரோலின் ஒருநாள் புறுபுறுத்தாள். மரியோ போனை வாங்கி என்னவோ அழுத்தி, "அம்மா, இதைக் கேளுங்கோ. ப்ளீஸ், கொம்ப்ளெயின் பண்ணாதேங்கோ" என்று திருப்பிக் கொடுத்தான்.

கரகரத்த குரலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் கதை சொன்னாள். நியூபவுண்லாந்துப் பக்கத்தில் ஒரு சிறிய துறைமுக ஊர். அங்கே ஒரு பேக்கரிக்காரன் மாசி மாதக் காலையொன்றில் காணாமல் போகிறான். பாண் பாதி வெந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, ஆள் இல்லை. தொழிற்சாலையில் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கரோலின் ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொண்டாள். இல்லத்தின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திய பிறகும் இறங்க மனமில்லாமல் இரண்டு நிமிடம் இருந்தாள். தன்னிடம் எதையும் கேட்காமல், "கேக்குதே?" என்று சோதிக்காமல், ஒருத்தி தனக்குக் கதை சொல்கிறாள். அந்தக் குரல் மீது அவளுக்கு உண்மையாகவே ஆசை வந்துவிட்டது.

வந்த ஆசையை அனுபவிக்க விட்டால்தானே? அடுத்த நாள், பேக்கரிக்காரனின் மச்சானைப் பொலிஸ் விசாரிக்கத் தொடங்கிய அந்த இடத்தில், கதை அறுந்து கார் முழுக்கக் கோல் மணி அடித்தது.

"கரோ, பீற்றூட்டை ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சா எத்தினை நாளைக்கு நிக்கும்?"

கரோலின் பல்லைக் கடித்துக்கொண்டு பீற்றூட்டின் ஆயுளைச் சொன்னாள். இரண்டாம் நாளும் இதே கதி. மூன்றாம் நாள் அவள் கோலை எடுக்கவில்லை. ஏழு ஐந்துக்கு இல்லத்துக்குள் நுழைந்தபோது, வரவேற்பு மேசையில் இருக்கும் ஸ்டெபனி, "உன் அக்கா கோல் எடுத்தாள். நீ வந்துவிட்டாயா என்று கேட்டாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

கரோலினுக்குக் காது வரை சூடேறியது. இடைவேளையில் தமக்கைக்குக் கோல் எடுத்துப் பொரிந்து தள்ளினாள்.

"அக்கா, நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே? வேலை இடத்துக்கு எடுத்து என்ர மானத்தை வாங்காதேங்கோ!"

"நீ போனை எடுக்கேல்லை. வேற என்ன செய்யிறது?"

"கார் புளூடூத் பழுதாப் போச்சு. கையில வைச்சுக் கதைச்சாப் பொலிஸ் பிடிக்கும். போய்ச் சேர்ந்த உடனை மெசேஜ் போடுறன், சரியே?"

பொய் அவ்வளவு இலேசாக வாயில் வந்ததை நினைத்து அவளே வியந்தாள். மெசேஜை முதல் இரண்டு நாள் போட்டாள். பிறகு மறந்துபோனாள். ஆறு இருபதுக்கு மணி அடிக்கவில்லை, அவளும் கதையைக் கேட்டுக்கொண்டே போனாள். பேக்கரிக்காரனின் மச்சான், கடன்காரன், பழைய காதலி என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். பேக்கரிக்காரனுக்குத் தினமும் காலையில் போன் எடுக்கும் தமக்கை ஒருத்தியும் கதையில் வந்தாள். அவன் போனை எடுக்காத அன்று அவள் பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்து, போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள், கடைக்காரர்கள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அந்தத் தமக்கை மீது கரோலினுக்குச் சந்தேகம் எதுவும் இல்லாதபடியால் அந்த இடத்தைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மூன்று கிழமை இப்படி நிம்மதியாகப் போனது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கரோலினின் புளுகு கொஞ்சம் கூட நாள் தாங்கியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வழக்கம்போல வேரோனிக்காவையும் ஏற்றிக்கொண்டு போனாள். அக்காவை ஏற்றும் முன்பே பொட்காஸ்டை நிறுத்தி வைத்த புத்தி, பூசை முடிந்து திரும்பும்போது வேலை செய்யவில்லை. காரை ஸ்ரார்ட் செய்ததும் கார் தானாகப் போனைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கரகரத்த குரல் நான்கு ஸ்பீக்கரிலும் முழங்கியது. அடுப்பு இன்னும் சூடாகவே இருந்தது, ஆனால் பேக்கரிக்காரனை அதன் பிறகு யாரும் காணவில்லை என்றது.

கரோலின் பாய்ந்து அதை நிறுத்தினாள். பாழாய்ப்போன கார்.

"புளூடூத் வேலை செய்யுதுபோல" என்றாள் வேரோனிக்கா.

அவ்வளவுதான். வீட்டடியில் இறங்கும்போது கார்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் கரோலினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அக்கா கோலே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு றொய்சனோடு பூசைக்குப் போய்விட்டாள். கோபித்தால் கோபிக்கட்டும் என்று முதல் நாலைந்து நாள் கரோலின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கார் ஓட்டினாள். ஒன்பதாம் நாள், கடைசிப் பாகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிவில் அந்தக் கரகரத்த குரல் ஒரு பெருமூச்சு விட்டு, உண்மையில் என்ன நடந்தது என்பது நமக்கு ஒருபோதும் தெரியவராமல் போகலாம் என்று சொல்லி, இசை போட்டு முடித்துவிட்டது.

கரோலினுக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்ரேரிங்கில் ஓங்கி அடித்தாள். தெரியாதென்றால் முதலே சொல்லியிருக்கலாமே! இதை யாரிடமாவது சொல்லித் திட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும். பஸ்ரியன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். வேறு யார் இருக்கிறார்கள்? மானத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அக்காவுக்குக் கோல் எடுத்தாள். முதல் மணியிலேயே அக்கா போனை எடுத்துவிட்டாள்.

"அக்கா, இவ்வளவு நாளாக் கேட்டனான். கடைசியில ஆர் செய்ததெண்டு தெரியாதாம்!"

"உது எனக்கு நேற்றே தெரியும்" என்றாள் வேரோனிக்கா.

"என்னது?"

"றொய்சன் போட்டுத் தந்தவன். நான் முழுக்கக் கேட்டிட்டன். மச்சான்காரன்தான் செய்தது, வேற ஆர்?"

"மச்சான் அண்டைக்குக் கடலுக்கெல்லோ போனவன்!"

"கடலுக்குப் போனதெண்டு ஆர் சொன்னது? அவன்ர பெண்சாதி. பெண்சாதி சொன்னா நம்பிறதே? உனக்குக் கேக்கவும் தெரியாது."

ஸ்ரீல்ஸ் ரோட்டைத் தாண்டி மோர்னிங்சைட் வரைக்கும் சண்டை பிடித்தார்கள். காரை நிறுத்திய பிறகும் நடந்தது. கடைசியில் வேரோனிக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அந்தத் தமக்கைக்காரியைத்தான் பாவமாக் கிடந்தது. எடுத்துக் கேட்டவள்தானே. சிரிச்சுப்போட்டு வைச்சிட்டினம். அண்டைக்கே போய்ப் பாத்திருந்தால்."

"நேரமாச்சு அக்கா, நான் உள்ளுக்குப் போகோணும்" என்று கரோலின் போனை வைத்துவிட்டாள்.

பத்து நிமிடம் பிந்தி ஓடி வந்தவளை வரவேற்பு மேசையில் ஸ்டெபனி மறித்தாள். அவளுடைய முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"உன் அக்கா சுகமாக இருக்கிறாளா? இன்றைக்குக் கோல் எடுக்கவில்லையே."

"அவள் எடுக்கிறாளா?"

"ஒவ்வொரு நாளும், ஏழு ஐந்துக்கு. கரோலின் வந்துவிட்டாளா என்று கேட்பாள். நான் ஓம் என்றால் தாங்க் யூ சொல்லி வைத்துவிடுவாள். உனக்குச் சொல்லவேண்டாம், நீ ஏசுவாய் என்றாள். ஒரு மாதமாக நடக்கிறது."

கோபித்திருந்த அந்த நாட்களிலும்கூட. கரோலின் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். செல்வரட்ணம் அத்தானின் கணவாய்க் கறி இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தன் மீதே அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் காலை புதிய பொட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கினாள். மலையேறப் போன ஐந்து பேர், பனிப்புயல், ஒரே ஒரு கூடாரம். கூடாரத்தை யாரோ வெளியிலிருந்து திறக்கிறார்கள். சரியாக அந்த இடத்தில் கதை அறுந்து மணி அடித்தது. கரோலின் சூள் கொட்டினாள். பிறகு கோலை எடுக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"கரோ, கேக்குதே? காருக்குள்ள சும்மாதானே இருக்கிறாய்?"

"ஓம் அக்கா, சும்மாதான் இருக்கிறன். சொல்லுங்கோ."