ஈரச் சட்டை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சத்தியசீலனின் புளுகு ஆறு வருடம் ஓடியது.

மலேசியாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் அவர். வயது நாற்பத்தெட்டு, தனிக்கட்டை. முதுகு, மார்பு, கை என்று பாதி உடம்புக்குச் சொரியாசிஸ் படை. அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிட்டார். ஆனால் படை இருந்த இடம் வேர்க்க மறுத்தது. மற்றவர்கள் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். இவர் சட்டை மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி காய்ந்திருக்கும்.

"என்னா சத்தியா, நெழல்ல படுத்து எந்திரிச்சி வர்றியா?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மனோகரன் ஒருநாள். எல்லாரும் சிரித்தார்கள். உழைத்தவனுக்கு அது செருப்படி.

மறுநாளிலிருந்து பத்து மணித் தேநீருக்கு முன்னால் கால்வாயில் இறங்கி, சட்டையை நனைத்துக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்தார். ஒரு ஜக்கு பாலில்லாத தே-ஓ, ஒரே தகரக் குவளை, கை மாறி வரும். நாள் முழுக்க அவரோடு மனிதர்கள் பேசுவது அந்தக் கால்மணி நேரம்தான். வீட்டில் டிவி மட்டும் பேசும். அந்தக் குவளைக்காக அவர் எந்தப் பொய்யும் சொல்வார்.

இந்த மார்ச் வெயிலில் கால்வாய் வற்றிப்போனது. மூன்றாம் நாள் தன் வரிசையில் யாருமில்லாத இடத்தில் தலை சுற்றி விழுந்தார். வெகுநேரம் கழித்துத் தானே எழுந்து, தட்டுத் தடுமாறி கிளினிக் போய்ச் சேர்ந்தார்.

படை இருக்கிற தோலில் வேர்வைக் குழாய் அடைத்துக்கொள்ளும், உடம்புச் சூடு வெளியே போகாது என்றார் மலாய்க்கார டாக்டரம்மா. வேலையில் சட்டையை அடிக்கடி நனைத்துக்கொள்ளச் சொன்னார். சத்தியசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியதே அந்தத் திருட்டுத்தனம்தான்.

"இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க" என்று சொல்லி, மண்டோரிடம் காட்டக் கடிதமும் கொடுத்தார். அதில் நோயின் பெயர் இருந்தது. இரண்டு நாள் அது அவர் பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் உயிர்ப்பயம் ஜெயித்தது; கடிதத்தை மண்டோரிடம் நீட்டினார்.

"ஒட்டிக்குமா?" என்றார் மனோகரன்.

"ஒட்டாதுண்ணே. டாக்டரே எழுதியிருக்காங்க."

"அப்பன்னா சரி லா. லோரியில தண்ணி இருக்கு, வேணுங்கிறப்ப ஊத்திக்க. இதப் போயி மறைச்சியே!"

அன்று எல்லாரும் பார்க்கத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. பாரம் இறங்கியது போலிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு, தேநீர் ஊற்றும் உமாராணி பையிலிருந்து புது நீலக் கோப்பை ஒன்றை எடுத்தாள்.

"ஒங்களுக்குன்னே நேத்து ராத்திரி பசார் மாலாம் சந்தையில வாங்குனேண்ணே. நல்லாருக்கா?"

அவள் முகத்தில் கள்ளமே இல்லை.

"நல்லாருக்கும்மா" என்று வாங்கிக்கொண்டார். தகரக் குவளை மனோகரன் கையிலிருந்து அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போயிற்று.