இரண்டு தரம் சொன்ன சொல்

அந்த இளைஞனின் முதல் விசாரணையில் மொழிபெயர்த்தது நான்தான். டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் இதை டொல்க் வேலை என்பார்கள். முதியோர் பராமரிப்பில் பல வருஷம் முதுகை ஒடித்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபிறகு இதற்கு வந்தேன். என்னுடைய டேனிஷ் சுத்தம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவனுக்கு முப்பது வயதிருக்கும். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து அடைக்கலம் கேட்டு வந்திருந்தான். சொன்னதையே சொல்லி, விட்ட இடத்துக்கே திரும்பி வந்து, மூன்று மணித்தியாலம் கதைத்தான். விசாரித்த அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்து, "சாரத்தை மட்டும் சொன்னால் போதும்" என்றார். நானும் சுருக்கினேன்.

இராணுவத்தைப் பற்றி, "முகாமுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிச்சவங்கள்" என்று அவன் சொன்னதை, "முகாமுக்கு அழைத்து விசாரித்தார்கள்" என்று டேனிஷில் சொன்னேன். வசனம் வழுவழுவென்று வந்தது. கடைசியில் பதிவை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "முகாமுக்குக் கூப்பிட்டு விசாரிச்சவங்கள்" என்ற இடத்தில், "ஓம்" என்றான். அது பொய்யில்லையே. கையெழுத்தும் வைத்தான்.

இரண்டாவது விசாரணைக்கு வேறொருவர் மொழிபெயர்த்தார். எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று கேட்டதற்கு, ஏழெட்டுத் தரம் என்றிருக்கிறான். முதலில் ஒரு தரம் என்றவர் இப்போது ஏழெட்டு என்கிறார், நம்ப முடியாது என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக்கு அவனுக்குக் கிடைத்த வழக்கறிஞர் ஏறக்குறைய என் வயதுப் பெண். கோப்பன்ஹேகனில் பிறந்து வளர்ந்த யூதர். தன் அலுவலகத்தில் அவனோடு கதைப்பதற்கு என்னை வரச் சொன்னார். "முதல்முறை வந்த அக்காவே வரட்டும்" என்று அவன் கேட்டிருந்தானாம்.

அன்றைக்கும் அவன் அதே மாதிரித்தான் சொன்னான். நானும் அதே மாதிரித்தான் மொழிபெயர்த்தேன். வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னார். நீங்கள் ஒரு தரம்தான் சொன்னீர்கள்."

அவருக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. எனக்கு முகம் சுட்டது.

"அது எங்கள் ஆட்கள் பேசுகிற விதம்" என்றேன்.

"ஒரு தரம் சொன்னாலும் அதே பொருள்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை. ஒரு தரம் சொன்னால் ஒருமுறை கூப்பிட்டதாகவும் எடுக்கலாம். இரண்டு தரம் சொன்னால் விடாமல் பலமுறை கூப்பிட்டார்கள் என்றுதான் அர்த்தம்" என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து முதல் விசாரணைப் பதிவை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

இளைஞன் சிகரெட் பிடிக்க வெளியே போனான். இது எப்படி உங்கள் காதில் விழுந்தது என்று கேட்டேன்.

"நான் எங்கள் கோயிலுக்குப் போகிறவள் இல்லை. பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறேன்" என்றார். "ஆனால் இரட்டித்த சொல் ஒன்றை என்னால் தாண்டிப் போக முடியாது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு சொல்லுக்காக சூப் ஆறும்வரை சண்டை பிடிப்பார்கள். வழிதவறிய அடுத்தவன் மாட்டைத் திருப்பிக் கொடு என்று எங்கள் வேதத்தில் ஒரு கட்டளை. எபிரேயத்தில் அந்த வினை இரண்டு தரம் வருகிறது. கடவுள் வீணாக ஒரு சொல் சொல்லமாட்டார், இரண்டாவது எதற்கு என்று பழைய உரைகாரர்கள் கேட்டார்கள். நூறு தரம் தவறினாலும் நூறு தரமும் திருப்பிக் கொடு, அதற்குத்தான் என்றார்கள். இன்னோர் இடத்தில், தம்பியைக் கொன்றவனிடம் கடவுள் பேசும்போது இரத்தம் என்ற சொல் பன்மையில் வரும். செத்தவன் மட்டுமில்லை, அவனுக்குப் பிறக்காமல் போன பிள்ளைகளின் இரத்தமும் என்றார்கள். எல்லாம் ஒரு விகுதியிலிருந்து."

"எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்களா?"

"இல்லை. மனிதர் பேசுகிற மாதிரித்தான் வேதமும் பேசுகிறது, மனிதர் பேச்சில் சொல் இரட்டிக்கும், அதில் பொருள் தேடாதே என்ற கட்சியும் இருந்தது. அதுவும் மதிப்பான கட்சிதான். என் பெரியப்பா அந்தப் பக்கம்." கோப்பை மூடினார். "ஆனால் பெரியப்பாவின் வாசிப்பால் ஒருவரையும் நாடு கடத்தவில்லை."

என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் பிழையை விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சொந்தப் பெயரில் இப்படி எழுதுகிறவள் மூளை கெட்ட விசரி என்று, எனக்குத் தெரிந்த டொல்க் ஒருவர் சொன்னார். இனி நான் சாட்சி என்பதால் மேல்முறையீட்டில் மொழிபெயர்க்க விடவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்கள். "தமிழில் வெறும் அழுத்தத்துக்காகவும் சொல்லை இரட்டிப்பதுண்டா?"

உண்டு. "வா வா" என்போம், "சரி சரி" என்போம். ஆனால் இது அப்படியல்ல, இங்கே வினையெச்சம் இரட்டித்திருக்கிறது என்று தொடங்கினேன். "கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார்கள். "உண்டு" என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

முடிவு அன்றைக்கே வந்தது. இரட்டித்த சொல் அழுத்தத்துக்காகவும் இருக்கலாம், பதிவை அவரே கேட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார், ஆகவே முரண்பாடு அப்படியே நிற்கிறது என்று வழக்கறிஞர் வந்து சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நான் உட்கார்ந்திருந்த நடைபாதை வாங்கிலில் இளைஞன் என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அக்கா, அண்டைக்கே உங்களுக்கு விளங்கினதோ? நான் கனதரம் எண்டு சொல்லுறன் எண்டு?"

"இல்லைத் தம்பி. விளங்கேல்லை."

விளங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது விளங்காமல் இருக்குமா? அதிகாரிக்கு அலுப்பாக இருக்குமே என்றுதான் விட்டேன்.

"அப்ப பரவாயில்லை" என்றான் அவன். "வேணுமெண்டு செய்தால்தானே பிழை." எழும்பி, என் கையைப் பிடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

இரண்டு கிழமையில் அவன் அகதி முகாமில் இல்லை என்று வழக்கறிஞர் ஒரு வரி அனுப்பினார். எந்த நாட்டுக்குப் போனான் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் பதில் எழுதவில்லை. அவனிடம் சொன்ன பொய்யை அவருக்காவது எழுதியிருக்கலாம்.