கமா அக்காவும் அறுபத்து நான்கு மிட்டாய்களும்

“சதவீதக்குறி, பேரு, சதவீதக்குறி, கமா, சதவீதக்குறி, எடை, சதவீதக்குறி...” விரல் எதைத் தட்டுகிறதோ அதை வாயும் சொல்லியாக வேண்டும் அவருக்கு. பதிவு மேசைக்கு எதிரே காத்திருக்கும் நாய்கள் காதைச் சாய்த்துக் கேட்கும். கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா முதல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கமா அக்காதான்.

ஒரே வேலையை இரண்டாவது முறை செய்ய நேர்ந்தால் அக்காவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். உடனே அதைக் கணினி தலையில் கட்டிவிடுவார். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த, கறுப்புத் திரையில் ஓடும் அந்தக் குட்டி பேட்ச் கோப்புகளுக்கு “என் எடுபிடிங்க” என்று பெயர்.

குடற்புழு மாத்திரை முகாமுக்கும் ஓர் எடுபிடி தயாரானது. பட்டியலிலிருந்து ஒவ்வொரு பிராணியின் பெயரையும் எடையையும் எடுத்து, கழுத்துச் சீட்டாக அச்சடிக்க வேண்டும். சீட்டில் உள்ள எடையைப் பார்த்துத்தான் மாத்திரை. காலையில் தன் வீட்டுப் பூனை மிட்டாயை மட்டும் வைத்து அக்கா ஒத்திகை பார்த்தார். முதல் சீட்டு வெறுமையாக வந்தது. “தூக்கம் கலையல போல” என்று மறுபடி ஓட்டினார். ‘மிட்டாய், 3 கிலோ’ என்று அழகாக வந்தது. அக்கா ஒரு சுற்று ஆடிவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு முற்றம் முழுக்கக் குரைப்பு. கம்பவுண்டர் சீட்டுக் கட்டோடு ஓடி வந்தார். “அக்கா, எருமைக் கன்னு மாதிரி ஒரு நாய் நிக்குது. அதுக்குப் பேரு மிட்டாயாம், மூணு கிலோவாம்!”

அறுபத்து நான்கு சீட்டும் மிட்டாய்.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “எடை தெரியாம ஒரு மாத்திரைகூடத் தர மாட்டேன். பத்து நிமிஷம். இல்லேன்னா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினார். இப்போது அறுபத்து நான்கும் ‘குண்டு, 52 கிலோ’. அந்தச் சீட்டைப் போட்டுக்கொள்ள வேண்டிய ஒரு பூனைக்குட்டி கூடைக்குள்ளிருந்து கொட்டாவி விட்டது.

“குண்டு பட்டியல்ல கடைசிப் பேரு,” என்றார் அக்கா மெதுவாக. “மிட்டாய் பட்டியல்லயே இல்ல. அவ காலைல ஒத்திகைக்கு வந்தவ. அப்போ இது எப்பவும் போன தடவைப் பேரையே...” நாற்காலி பின்னால் உருண்டது. “அண்ணே! புடிச்சிட்டேன்!”

“என்ன, கடிச்சிருச்சா?” என்றார் கம்பவுண்டர்.

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கற அத்தனை வரியையும் இந்த எடுபிடிப் பய மொதல்லயே ஒரே மூச்சுல படிச்சிடறான். படிக்கிறப்பவே சதவீதக்குறிக்கு நடுவுல அப்போ கையில இருக்கற பேரை எழுதிக்கிறான். அதுக்கப்புறம்தான் வேலையை ஆரம்பிக்கிறான். உள்ள அறுபத்து நாலு தடவை பேரு மாறுது, ஆனா இவன் எழுதினது எழுதினதுதான்! ஒத்திகையில முதல் தடவை கையில ஒண்ணும் இல்ல, வெறும் சீட்டு. ரெண்டாவது தடவை முந்தி விட்டுப்போன மிட்டாய். நான்தான் ஏமாந்தேன்.”

“இப்ப என்ன பண்றது?”

“அவசரப்படாதே, ஒவ்வொரு சுத்துலயும் பேரைக் கேட்டு எழுதுன்னு இவன்கிட்ட சொல்லணும்.” கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தார். பிறகு சதவீதக்குறிகளை அழித்துவிட்டு, அப்படிக் கேட்கச் சொல்லும் குறியைப் போட்டபடி, “ஆச்சரியக்குறி, பேரு, ஆச்சரியக்குறி! ஆச்சரியக்குறி, எடை, ஆச்சரியக்குறி!” என்று ஏலம் போடுகிறவர் மாதிரி கூவினார். முற்றத்திலிருந்து நாய்கள் பதில் சொல்லின.

அச்சு இயந்திரம் கடகடத்தது. பிங்கி. பட்டாசு. துரை. குண்டு, ஒரே ஒரு குண்டு. கம்பவுண்டர் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிக்க, சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். கையில் முயல்குட்டி அளவுக்கு ஒரு நாய்க்குட்டி. “சூரன்னு மொட்டையா போட்டிருக்கீங்களேம்மா. நான் எழுதிக் கொடுத்தது அப்படி இல்லையே.”

அக்கா விண்ணப்பத்தைப் பார்த்தார். ‘சூரன்!’ என்றிருந்தது. பெயரோடு வந்த குறியையும் தனக்கான கட்டளை என்று நினைத்து எடுபிடி விழுங்கியிருந்தான்.

அக்கா பேனாவைத் திறந்தார். சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, அடியில் புள்ளியை அழுத்தி வைத்தார். மை காயும்வரை ஊதினார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, சூரனின் கழுத்தில் தானே கட்டிவிட்டார்.