குவாராவின் முதல் அட்டை

பாரிசின் லா சப்பலில் கிரிக்கெட் தெரியாத தமிழன் யாராவது இருந்தால், அவன் அதை வெளியே சொல்லாமல் மறைத்துக்கொள்வான். பேஸ்போல் தெரிந்த தமிழன் ஒருவர்தான் இருக்கிறார். அவரோ அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் யாரையும் கடையை விட்டுப் போக விடமாட்டார். வாமதேவன் என்று பெயர்.

ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு விமானச்சீட்டுக் கடைக்கும் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் இடையில் அவர் கடை. போன் திருத்துவது, போட்டோக் கொப்பி எடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது லமினேட். நம் சனத்தின் பழக்கம் தெரியும்தானே? அருமையான காகிதம் எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சூட்டில் ஒட்டி எடுத்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் நீச்சல் பத்திரம், நல்லூர்க் கந்தன், காலமான மாமனார் எல்லோரும் அந்த மெஷினுக்குள் போய் வந்தவர்கள்தான். அதற்குப் பிறகு மழை தொடாது, மீன்குழம்பு தொடாது. சாதாரணக் காகிதத்துக்கு மெல்லிய உறை. பிறப்புச் சான்றிதழுக்கும் காலமானவர்களின் படத்துக்கும் மட்டும் தடித்த உறை. இந்த முறையை வாமதேவன் ஒருநாளும் மாற்றியதில்லை.

கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், ஒரு நூல் கட்டியிருக்கும். அதில் கிளிப் போட்டு வரிசையாகச் சில அட்டைகள் தொங்கும். எல்லா அட்டையிலும் ஒரே இளைஞன். தொப்பியும் கையுறையும் மட்டும் ஊருக்கு ஊர் நிறம் மாறியிருக்கும். எலியாஸ் குவாரா. டொமினிக்கன் நாட்டுப் பெடியன். அமெரிக்காவில் பந்து எறிகிறவன். வரிசையின் தொடக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். கிளிப் இருக்கும், அட்டை இருக்காது.

இந்தக் கிறுக்கு ரொறன்ரோவில் நடந்த ஒரு கல்யாணத்தில் தொடங்கியது. அக்காவின் மகளுக்குக் கல்யாணம். சாப்பாடு, வீடியோ, அழுகை எல்லாம் முடிந்த மறுநாள் அக்காவின் மகன் சுரேன் மாமனைக் காரில் ஏற்றி, எல்லை தாண்டி ஒரு சின்ன அமெரிக்க ஊருக்குக் கூட்டிப்போனான். அங்கே பெரிய அணிகளுக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர்கள் ஆடுவார்கள். படிப்படியாகப் பல நிலை; நல்லாய் ஆடினால் மேல் படி, சறுக்கினால் கீழ்ப் படி. அன்றைக்கு ஆடியவர்கள் கீழ்ப் படிக்காரர்கள். பார்க்க வந்த கூட்டத்தில் பாதி, சொசிஸ் தின்ன வந்த கூட்டம்.

குவாரா எறிய வந்தான். முதல் பந்து, பிடிப்பவனின் தலைக்கு மேலால் போய் வேலியில் மோதியது. அடுத்தது மட்டைக்காரனின் இடுப்பில் பட்டது. சனம் கூவியது. பயிற்சியாளர் நடுவுக்கு வந்து ஏதோ சொன்னார். பெடியன் தலையைக் குனியவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பந்தைத் தா என்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றான். யாரிடமும் கெஞ்சவில்லை, என் பந்து, தா என்றுதான் அந்தக் கை சொன்னது. பிறகு வந்தவர்கள் ஒருவனும் அவன் பந்தைத் தொடவில்லை. வாமதேவன் இருக்கையை விட்டு எழுந்து கை தட்டினார்.

“இவன் மேலை போவான்,” என்றார்.

“மாமா, இஞ்சை இருந்து மேலை போறது நூறிலை ஒருத்தன்.”

“அந்த ஒருத்தனைத்தான் நான் காட்டிறன்.”

வாசலில் அந்த அணியின் அட்டைக் கட்டு விற்றார்கள். வாங்கினார். அதில் குவாராவை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சுரேனிடமே கொடுத்துவிட்டார். பாரிசுக்கு வந்ததும் செய்த முதல் வேலை என்ன? மெஷினைச் சூடாக்கி லமினேட் பண்ணியதுதான்.

அன்றிலிருந்து குவாரா ஊர் மாறும்போதெல்லாம் புது அட்டை வரும். சுரேன் வாங்கி, பாரிசுக்குக் கல்யாணத்துக்கோ சாமத்தியவீட்டுக்கோ வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். சேலைகளுக்கு நடுவில் படுத்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிக் குவாரா வந்து சேர்வான். ஒருமுறை மேல் படிக்குப் போனான். வாமதேவன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். அடுத்த ஆண்டு முழங்கையை வெட்டித் தைத்தார்கள். மறுபடி கீழ்ப் படி. கொத்துரொட்டிக் கடைக்காரர் வந்து சீண்டுவார்.

“என்ன அண்ணை, உங்கடை பெடியன் இன்னும் இறங்கிக்கொண்டோ கிடக்கிறான்?”

“ஏணியெண்டா இறங்கவும்தான் செய்யும். நீர் ரொட்டியைப் பாரும், கருகுது.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சிரித்துக்கொண்டு அந்த மனிதர் போய்விடுவார்.

நீக்கிலாஸ் இந்தக் கடைக்குள் வந்தது ஒரு கொப்பி எடுக்கத்தான். ஏழாம் நம்பர் மெத்ரோ ஓட்டுகிறவர், ஓய்வுக்குக் கிட்டிய வயது, ஞாயிறுகளில் வன்சேன் காட்டுப் பக்கம் பேஸ்போல் ஆடும் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர். காகிதத்தை நீட்டிய கை அப்படியே நின்றது.

“குவாரா!” என்று கத்தினார். “பாரிசில் குவாராவைக் கொண்டாடுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன்!”

வாமதேவனுக்கு மேலெல்லாம் குளிர்ந்தது. இருவரும் பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கினார்கள். குவாராவின் வளைபந்து, முழங்கை, பொறுமை எல்லாம் பேசி முடித்தபின் நீக்கிலாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைகளுக்குக் கிட்டே போனார். முகம் மாறியது. செத்தவீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

“முசியே வாமா, இவற்றை நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“லமினேட்.”

“ஐயோ, இவை செத்துவிட்டன!”

சேகரிப்பவர்களின் உலகத்தில் அட்டை அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்க வேண்டுமாம். மூலை மழுங்கக்கூடாது, விரல் படக்கூடாது. சூடு காட்டிப் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் பிறகு ஒருவரும் அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்களாம். நீக்கிலாஸ் இதை நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். வாமதேவன் பொறுமையாகக் கேட்டார்.

“நான் விற்கப்போவதில்லையே,” என்றார். “கெடாமல் இருக்க வேண்டும். இனிக் கெடாது.”

கோபத்தில் வந்ததோ அன்பில் வந்ததோ, நீக்கிலாஸ் அப்போதுதான் அந்தச் சேதியைச் சொன்னார். குவாராவின் முதல் ஆண்டு அட்டை தன்னிடம் இருக்கிறது என்றார். அந்த வெறுமையான கிளிப்புக்கு உரியது.

அந்த அட்டையின் படத்தைச் சுரேன் எப்போதோ போனில் அனுப்பியிருந்தான். தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. படத்தில் குவாராவுக்குப் பதினேழு வயது இருக்கும். யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். தோள் தையல் முழங்கைக்குக் கிட்ட வந்திருந்தது. தொப்பி காதில் நின்றது. ஆனால் முகம், நாளைக்கே உலகத்தை வாங்கப்போகிறவனின் முகம். வாமதேவன் பாரிசுக்கு வந்த மாதம் ஒரு படம் எடுத்தார். அறையில் கூட இருந்தவரின் கோட், கை விரல்களை மூடிய கோட். அந்தப் படத்திலும் இதே முகம்தான். குவாராவின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கோட்டுப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மற்ற அட்டைகள் எல்லாம் ஆசைக்கு; அந்த ஒன்று அவருக்கு வேண்டும். அவ்வளவுதான்.

“தருவீர்களா?” என்று கேட்டார்.

“தருவேன். அந்த மெஷினுக்குள் வைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்.”

வாமதேவன் மெஷினைப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார்.

“அந்த வாக்கை என்னால் தர முடியாது. என் கைக்கு வந்தால் அது உள்ளேதான் போகும். பொய் சொல்லி வாங்க மாட்டேன்.”

இரவுச் சாப்பாட்டில் இதைக் கேட்ட மனைவி பூரணி அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கென்ன விசரோ? ஓம் எண்டு சொல்லி வாங்கிப்போட்டுப் பிறகு ஒட்டுறதுதானே! அந்த மனுசன் வந்து மோந்தே பாக்கப்போறார்?”

“அவர் அதைப் பிள்ளை மாதிரி வச்சிருக்கிறார், பூரணி. பொய் சொல்லிப் பிள்ளையை வாங்கேலாது.”

“அப்ப ஒட்டாமல் வையுங்கோவன்.”

“ஒட்டாமல் வச்சு அது பழுதாப்போனா?”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். பூரணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் சந்தித்தால் சண்டை வரும் என்று நினைப்போம். இங்கே சினேகிதம் வந்தது. வேலை முடிந்தால் நீக்கிலாஸ் கடைக்கு வருவார். வாமதேவன் பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணியும் ரோல்சும் எடுப்பிப்பார். காகிதம் மூச்சு விட வேண்டும் என்பார் ஒருவர். நம் ஊர்க் காகிதம் மூச்சு விட்டதால்தான் பூஞ்சணம் பிடித்தது என்பார் மற்றவர். ஒருநாள் நீக்கிலாஸ் அந்த அட்டையைக் கெட்டியான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பார்க்க மட்டும் என்றார். வாமதேவன் கையில் வாங்கி, பெரிய சட்டைக்குள் நிற்கும் பெடியனை நேரில் பார்த்தார். மெஷின் பக்கத்தில் சூடாக இருந்தது. அவர் அட்டையைப் பார்த்த நேரமெல்லாம் நீக்கிலாஸ் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வாமதேவன் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வடிவாக இருக்கிறான்,” என்றார்.

இப்படியே போயிருக்கும். போன வசந்தத்தில் சுரேனின் அழைப்பு வந்தது.

“மாமா, கவலைப்படாதேங்கோ. குவாராவை அணியிலையிருந்து வெட்டிப்போட்டாங்கள்.”

முழங்கை மறுபடி பழுது. எந்தப் படியிலும் இடமில்லை என்று அணி அவனை விட்டுவிட்டது. செய்தி பூரணிக்கும் போயிருக்க வேண்டும். வேலையிடத்தில் சொல்லிவிட்டு, மூச்சிரைக்கக் கடைக்கு வந்தாள். மனிதர் இடிந்துபோய் இருப்பார், அட்டைகளைக் கழற்றியிருப்பார் என்ற பயம் அவளுக்கு. வாமதேவன் ஏணியில் நின்று அட்டைகளைத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

“விட்டிட்டாங்களாம்,” என்றாள்.

“அவங்கள் விட்டிட்டாங்கள். நான் விடேல்லையே.” ஏணியால் இறங்கினார். “மெக்சிக்கோவிலையும் இந்த விளையாட்டு இருக்காம். எறியக் கேட்டிருக்கிறானாம். அங்கையும் அட்டை அடிப்பாங்கள்தானே? பூரணி, மெக்சிக்கோவிலை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, தன் சித்தப்பாவின் மகள் ஒருத்தி அங்கே விடுமுறைக்குப் போய்வந்தவள் என்றாள்.

நீக்கிலாஸ் சில நாட்கள் வரவில்லை. வந்தபோது மெத்ரோச் சீருடையோடு வந்தார். கண்ணாடிப் பெட்டியைக் கல்லாமேல் வைத்தார்.

“சேகரிப்பவர்களின் கூட்டத்துக்குப் போயிருந்தேன்,” என்றார். “எல்லோரும் தங்கள் குவாராக்களைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். நேற்றுவரை விரல் படக்கூடாது என்றவர்கள். ஒருவன் அவனை மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தான்.” பெட்டியை வாமதேவன் பக்கம் தள்ளினார். “பாரிசில் அவனைக் கழற்றாதவர் நீங்கள் ஒருவர்தான். எடுத்துக்கொள்ளுங்கள்.”

“வாக்கு?”

“வேண்டாம். நீங்கள் நினைத்ததைச் செய்யுங்கள்.”

வாமதேவன் மெஷினைப் போட்டார். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை காத்திருந்தார். பெட்டியைத் திறந்து, அட்டையை ஓரத்தில் பிடித்து, மெல்லிய உறைக்குள் நேராக வைத்தார். மெஷின் அதை மெதுவாக இழுத்துக்கொண்டது. நீக்கிலாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டை மறுபக்கம் பளபளவென்று வந்தது. வாமதேவன் அதைக் கிளிப்பில் மாட்டினார். பெரிய சட்டைக்காரன் தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். வாமதேவன் இடுப்பில் கைவைத்து நின்று, வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். இனி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

நீக்கிலாஸ் போகவில்லை. பணப்பையை எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார். அதன் மடிப்புக்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவினார். நாலு மூலையும் உருண்டு, நடுவில் மடிந்து, நிறம் போன அட்டை. மீசை வைத்த ஒரு மனிதன் அதில் முழந்தாளிட்டுப் பந்து பிடிக்கக் காத்திருந்தான்.

“சின்ன வயதில் அப்பாவின் வேலைக்காக ஓர் ஆண்டு அமெரிக்காவில் இருந்தோம்,” என்றார் நீக்கிலாஸ். “அந்த ஊர் அணிக்காரர். தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்குவேன். இப்படிக் கெட்டுப்போனதால் இதை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. மெஷின் சூடாக இருக்கிறதே... இதையும் செய்யலாமா?”

வாமதேவன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இவர் பிறகு மேலே போனாரா?”

“இல்லை. ஒரு படி கூட ஏறவில்லை.”

வாமதேவன் கல்லாவுக்குக் கீழே குனிந்து, மெல்லிய உறைக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தடித்த உறையில் ஒன்றை எடுத்தார்.