வெண்டல் பனியில் மாட்டிய நாள்

என் அண்ணன் வெண்டலுக்கு இதயக் குழாயில் அடைப்பு. அதை எடுத்து, உள்ளே கம்பிவலை வைத்து அனுப்பிய டாக்டர், "பனிவண்டி ஓட்டலாம், ஆனா எதையும் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஆற்றில் குளி, தலை நனையக் கூடாது என்பது போலத்தான் இது. எங்கள் வேல்மவுண்ட் மலைகளில் பாதையை விட்டு இறங்கினால் இடுப்பளவு மாவுப்பனி. அதில் வண்டி பாதி நேரம் ஓடும், மீதி நேரம் புதைந்து கிடக்கும். பைக் மாதிரி கைப்பிடி, முன்னால் சறுக்க இரண்டு ஸ்கீ, அடியில் சுழன்று தள்ளும் பெல்ட், இதுதான் பனிவண்டி.

சொகுசாக உட்கார்ந்து போகிற சமாச்சாரம் என்று தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். உட்கார்ந்தால் தொலைந்தது. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்கமாக உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிட்டு, இருநூறு கிலோவுக்கு மேலான வண்டியை ஒருச்சாய்த்துப் பிடிக்க வேண்டும். தொடை எரியும், முன்கை மரத்துப்போகும், மதியத்துக்குள் உள்சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கொஞ்சம் நின்றால் அந்த ஈரமே குளிராகி எலும்பைப் பிடிக்கும். இதற்காக வாரம் முழுவதும் காத்திருக்கிற ஜனங்கள் நாங்கள்.

வெண்டல் குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான், லீவு நாளில் மலைக்குப் போவான். அவனுக்கு ஓட்டுவதைவிட இழுப்பதில்தான் ஆசை என்பேன். யாருடைய வண்டி புதைந்தாலும், எஞ்சின் அடங்குவதற்குள் அங்கே நிற்பான். முன்னாலுள்ள ஸ்கீயைப் பிடித்து ஒரே இழுப்பு. என் அண்ணி மார்லீன் கல்யாணமான நாளிலிருந்து பனியில் மண்வெட்டி பிடித்ததே இல்லை. பிடிக்க அவன் விட்டால்தானே. அன்புதான், ஆனால் கொஞ்சம் திமிர் பிடித்த அன்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நான் ஒரு நாள் காலை அவர்கள் வீட்டில் இருந்தபோது, காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வித்துடலாம்."

"எத? என்னையா?" என்றாள் அண்ணி.

"வண்டிய. மாட்டிக்கிட்டா வேற யாராவது இழுக்கணும், நான் பொம்ம மாதிரி பாத்துட்டு நிக்கணும். அதுக்கு வீட்லயே கெடந்துக்கறேன்."

"நீ வீட்ல கெடந்தா நான் எங்க போறது? சனிக்கெழம கெளம்பறோம். நீ, நான், உன் தங்கச்சி. மாட்டிக்கிட்டா நான் இழுக்கறேன்."

அவன் சிரித்தான். குழந்தை சமைக்கிறேன் என்றால் சிரிப்பார்களே, அப்படி. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி அவன் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் வரை நன்றாகத்தான் ஓட்டினான். பிறகு ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது, பின்னால் அண்ணி வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான். காலம்பூராவும் அப்படிப் பார்த்தவன் அவன். ஆனால் இந்த முறை பார்த்த நொடியில் விசையை அழுத்திய கட்டைவிரல் தளர்ந்துவிட்டது. மாவுப்பனியில் விசை தளர்ந்தால் அவ்வளவுதான். வண்டியின் பின்பாதி புதைந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் இறங்கி, பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டிருந்தான். அண்ணி தன் வண்டியிலிருந்து குதித்து, இடுப்புவரை இறங்கி, நீந்தாத குறையாக அவனிடம் போனாள்.

"கைய எடு."

"ஒரே ஒரு தடவ, மார்லீன்."

"கைய எடு வெண்டல். வண்டியா இருந்தா இழுத்துருவேன். உன்ன பொணமா இழுத்துட்டுப் போக எனக்குத் தெம்பில்ல."

அவன் கையை எடுத்தான். மரத்தடியில் போய் நின்றுகொண்டான். அந்தப் பெரிய உருவம் அப்படிச் சும்மா நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

நானும் அண்ணியும் வெட்ட ஆரம்பித்தோம். அவள் வண்டிக்கு முன்னால் வெட்டினாள்.

"அங்க இல்ல. கால் வைக்கிற பலகைக்கு அடியில வெட்டு" என்றான் அவன்.

"சரி. வாயால மட்டும் வேல செய்."

பலகைக்கு அடியில் வெட்டினோம். வண்டியைப் புரட்டிச் சாய்த்தோம். அடியிலிருந்த குழியில் பனியை நிரப்பி மிதித்தோம், இன்னும் நிரப்பி மிதித்தோம், வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டாள். வேர்வை முடியில் உறைந்து நின்றது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு வெண்டலை வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்கீயை அவள் பிடித்தாள், இன்னொன்றை நான்.

அவன் வெட்கத்தில் விசையை ஒரேயடியாக அழுத்தினான். பெல்ட் மறுபடி குழி பறித்தது. வாரியிறைத்த பனியில் பின்னாலிருந்த மரமே வெளுத்துவிட்டது.

"எனக்கு என்ன சொல்லிக் குடுத்த?" என்றாள் அண்ணி.

"வெரலுக்கடியில முட்ட இருக்கற மாதிரி, உடையாம அழுத்தணும்னு."

"அப்போ உடைக்காத."

இன்னொரு தடவை மிதித்தோம். இந்த முறை அவன் மெல்ல அழுத்த, நாங்கள் பல்லைக் கடித்து இழுக்க, வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. அண்ணி பிடி நழுவி அப்படியே மல்லாந்து விழுந்தாள்.

இழுத்துவிட்டவருக்கு எங்கள் பக்கத்தில் யாரும் நன்றி சொல்வதில்லை. "அடுத்தது என்னுது" என்பார்கள். அடுத்த தடவை உன்னை நான் இழுக்கிறேன் என்று அர்த்தம். வெண்டல் வண்டியை நிறுத்தினான். வாயைத் திறந்தான், மூடினான். அந்த வார்த்தையைச் சொல்ல இனி அவனால் ஆகாது.

"தேங்க்ஸ், மார்லீன்" என்றான், யாரோ கடைக்காரியிடம் சொல்வது போல. கண்ணாடிக்குள் அவன் கண் நிறைந்திருந்தது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "என்ன தேங்க்ஸ்? நீ என்னைய இழுத்துவிட்ட ஒவ்வொரு தடவையும் 'அடுத்தது என்னுது'ன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரிச்ச. நான் ஒண்ணும் வெளையாட்டுக்குச் சொல்லல."

அவன் இறங்கி, தட்டுத்தடுமாறி வந்து அவள் பக்கத்தில் பனியில் படுத்தான்.

"இன்னும் எவ்ளோ பாக்கி இருக்கு?" என்றான்.

"எக்கச்சக்கமா இருக்கு. அத்தனையும் இழுத்து முடிக்கிற வரைக்கும் நீ இருக்கணும்."