மடியில் ஒளித்த தீப்பெட்டி

பொன்ராஜின் மகள் உயிருக்கு அன்றைய விலை ஆறு நயா பைசா. ஒரு தீப்பெட்டியின் விலை. கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், இது நடந்தது. 1961, மே 17. ராத்திரிகூட இல்லை, உச்சி வெயில்.

பொன்ராஜ் ஊர் ஊராகப் போகும் மிஷன் ஆஸ்பத்திரி வண்டிக்கு டிரைவர். வண்டிக்குள் ஒரு குளிர்ப்பெட்டி. கீழே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால்தான் மேலே குளிரும். நெருப்பைத் தின்று ஐஸ் போடுகிற அதிசயம்! உள்ளே தொண்டை அடைப்பானுக்கான மருந்து. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் மகள், ஏழு வயது ஞானஜோதி, மூச்சுக்குத் தவித்துக் கிடந்தாள். நர்ஸான தாய் ஞானபூரணி ஊசியோடு காத்திருந்தாள். குளிர்ப்பெட்டியின் வெப்பமானியில் பாதரசம் பத்து டிகிரியைத் தாண்டினால் மருந்து வெறும் தண்ணீர்.

12.05. குறுக்குவழி ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் புகுந்து போனது. கேட்டில் காவல்காரர். அவருக்குப் புருவமே இல்லை. பட்டாசு வேலையில் அது சகஜம்தானே...

"விளக்க அணைங்க. தீப்பெட்டியக் குடுங்க."

"அண்ணாச்சி, எம் பிள்ள சாகக் கிடக்கு. விளக்கு அணைஞ்சா மருந்து போச்சு."

"உள்ளயும் பிள்ளைகதான் இருக்கு, தம்பி."

விளக்கை அணைத்தான். கையிலிருந்த தீப்பெட்டியைக் கொடுத்தான். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பொன்ராஜ் எப்போதும் கையில் ஒன்று, மடியில் ஒன்று வைத்திருப்பவன். மடியிலிருந்ததை அவன் காட்டவில்லை.

12.20. வளாகத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பாதரசம் எட்டு. ஷெட்டுகளில் ஒரு குரல் இல்லை.

12.31. ஒன்பதரை. மடியிலிருந்த பெட்டியைத் திறந்தான். எட்டே குச்சி.

முதல் குச்சி. எரிந்தது. அணைந்தது.

காற்றே இல்லை.

இரண்டாவது. பிடரியில் சில்லென்று... ஃபூ.

திரும்பினான். யாருமில்லை.

மூன்று. ஃபூ... நான்கு. ஃபூ...

"ஐயா... எம் மக..."

ஃபூ... ஃபூ...

ஏழாவது.

இம்முறை ஒரு வாய் அல்ல.

பல வாய்கள்.

சின்ன வாய்கள்.

ஃபூ...

பெட்டியை மடியில் திணித்துக்கொண்டு முன்பக்கம் ஓடினான். கொதித்த வண்டி கிணற்றுக் கல்லாய்க் குளிர்ந்திருந்தது. உடனே கிளம்பியது.

1.10. ஞானபூரணி குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"என்னங்க, விளக்கு அணைஞ்சு கிடக்கு... பெறகு எப்படி இம்புட்டு ஐஸு?"

குப்பியின்மேல் விரல் கனத்துக்கு உறைபனி. ஊசி போட்டாள். ஞானஜோதி பிழைத்தாள்.

மறுவாரம், நன்றி சொல்லவோ, ஆறு பைசாவை விட மனமில்லாமலோ, அங்கே போனான். கேட் கரிந்து சாய்ந்து கிடந்தது. எதிரே டீக்கடைக்காரர் சொன்னார்:

"அந்தக் கம்பெனி போன தீபாவளி சீசன்லயே வெடிச்சுப் போச்சே! காவக்கார சின்னச்சாமி, வேலைக்கு வந்த சின்னப் பிள்ளைக... ஒருத்தர் மிச்சமில்ல. எவனோ லாரிக்காரன் மடியில தீப்பெட்டிய ஒளிச்சுக் கொண்டு போயிருக்கான்."

கேட் மாடத்தில் பாதி எரிந்த நோட்டு. கடைசி வரியில் மட்டும் மை காயவில்லை.

மே 17. பொன்ராஜ். காட்டிய பெட்டி 1. ஒளித்த பெட்டி 1. அதில் குச்சி 8. அணைத்தது 7. பாக்கி 1.